அரை இஞ்ச் குழாய்

காமராசர் சாலையில் துளசிராமின் பிசியோதெரபி மாடி.
வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்,
வாயில் நூல், கையில் ரெஞ்ச்.
ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர்
புது முழங்காலோடு மிதித்துக்கொண்டிருந்தார்
எந்த ஊருக்கும் போகாத சைக்கிளை.
தகிட தகிட என்று
ஸ்பீக்கரிலிருந்து எதுவோ அவரைத் தள்ளியது.
மூணு மூணாக விழுந்த அடிக்கு
என் ரெஞ்சும் திரும்பியது,
இறுக்க வேண்டியதற்கு மேல் ஒரு சுற்று.
நட்டு பிளந்தது. முகமெல்லாம் தண்ணீர்.

"என்ன பாட்டு சார் இது?"
"அயர்லாந்து."
"அது எங்கிட்டு இருக்கு?"
"இங்கிலாந்துக்குப் பக்கம். ஆனா
அங்க போய் இப்படிச் சொல்லிப்புடாதீங்க,
சண்டைக்கு வருவாங்க."
புது நட்டுக்குக் காசு வாங்கவில்லை.
போனில் ஏற்றித் தரச் சொன்னேன்.

ஒரு மாசம்
எல்லாம் ஒரே பாட்டாகத்தான் கேட்டது.
அதே பிடில், அதே ஓட்டம்,
கடைசி பஸ்ஸை விட்டுவிடுவார்கள் போல.
தொழிலுக்கு வந்த புதிதில்
அரை இஞ்சுக்கும் முக்கால் இஞ்சுக்கும்
பேதம் தெரியாமல் திட்டு வாங்கியிருக்கிறேன்.
பிறகு ஒருநாள் இருட்டில் கை வைத்ததும் தெரிந்தது.
இதுவும் அப்படித்தான்.
ஒத்தக்கடை சிக்னலில், ஹெல்மெட்டுக்குள்,
ஒன்று நாலாகவும் இன்னொன்று ஆறாகவும் பிரிந்தது.
ஒவ்வொரு பகுதியையும் இருமுறை சொல்கிறார்கள்,
காது மந்தமானவரிடம் வழி சொல்வதுபோல.
பச்சை விழுந்திருக்கிறது.
பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்
ஆரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆட்டுத்தோல் கட்டிய கொட்டு ஒன்று.
வாய் வைக்காமல், கக்கத்துத் துருத்தியை
முழங்கையால் அமுக்கி ஊதும் குழல்.
அதன் அடியில் விடாமல் ஓர் ஒத்து.
அது மட்டும் முன்பே தெரிந்த ஆள் மாதிரி இருந்தது.
முகூர்த்த வீட்டில்
ஒத்து ஊதுகிறவர் பக்கம் யார் திரும்பினார்கள்?

மெதுவானவையும் இருக்கின்றன.
பாஷை புரியாத ஒருத்தி தனியாகப் பாடுகிறாள்,
மூச்சு இழுப்பதும் கேட்கிறது.
கப்பலா, பிள்ளையா,
போனது எதுவென்று தெரியவில்லை.
துளசிராமிடம் கேட்கவும் இல்லை.
சாவு வீட்டில் யார் என்ன முறை என்று விசாரிக்காமலே
ஓரமாய் உட்கார்வதில்லையா.

அங்கே தினமும் மழையாம்.
இங்கே நாலு நாளைக்கு ஒருதரம் கார்ப்பரேஷன் தண்ணி.
பாலம் தாண்டும்போது வைகையை எட்டிப் பார்த்தேன்,
கார் கழுவ ஈரம் தேடி
வாளியோடு ஒருவர் நடந்துகொண்டிருந்தார்.

குழாய்க்கும் குழலுக்கும்
ஒரு துணைக்காலும் கடைசி எழுத்தும்தான் வித்தியாசம்.
மிச்சம் கிடந்த அரை இஞ்ச் பிவிசியில்
காய்ச்சிய கம்பியால் ஆறு துளை போட்டேன்.
வீடெல்லாம் தீய்ந்த நாற்றம்.
மூன்றாவது பெரிதாகிவிட்டது.
டெஃப்லான் டேப் சுற்றிச் சின்னதாக்கினேன்.
பவுனுத்தாய் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:
"தண்ணிதான் வரல. காத்தாவது வரட்டும்."

வந்தது.
குக்கர் விசில் என்று நினைத்து
எதிர்வீட்டுக்காரர் அடுப்பை அணைக்கப் போனாராம்.

வெள்ளிக்கிழமை, விடிகாலை நாலு மணி,
தண்ணீர் வரும் நாள்.
தெருக்குழாயில் முதலில் காற்றுதான் வரும்,
லைனில் அடைந்து கிடந்த காற்று.
இருமி, கனைத்து, பிறகு
நீளமாய் ஒரே சுரம்.
இருபது வருசமாய் அதற்கு
ஏர்லாக் என்று பில் போட்டிருக்கிறேன்.
குழலை எடுத்து இரண்டு துளை மூடினேன், மூன்று மூடினேன்,
டேப்பைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
கிட்டத்தட்ட.
இன்னும் ஒரு மயிரிழை.

அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.
குடத்தோடு நின்றவள் சொன்னாள்:
"அண்ணே, செத்தத் தள்ளுங்க."